வட கடலுக்கு அடியில் ஒரு நாடு: டாகர்லாந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கும் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் நாடுகளுக்கும் நடுவே கிடக்கும் வட கடலில் இன்று சரக்குக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் நிறைந்திருக்கின்றன. அதன் தென்பாதி ஒரு காலத்தில் ஆறும் ஏரியும் காடும் கொண்ட நிலமாக இருந்தது. அங்கே மனிதர்கள் பிறந்தார்கள், வேட்டையாடினார்கள், செத்தார்கள். அந்த நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதையைவிட ஆதாரமே இதில் சுவையானது என்பதால், எது எப்படித் தெரியவந்தது என்பதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

டாகர்லாந்து சரியாக எங்கே இருந்தது?

வட கடலின் தென்பகுதி பெரும்பாலும் ஆழமற்றது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் டாகர் பாங்க் என்ற பெரிய மணல்மேடு கடலுக்குள் கிடக்கிறது. அதன் பரப்பு சுமார் 17,600 சதுர கி.மீ. மேட்டின் உச்சிக்கு மேலே சில இடங்களில் பதினைந்து மீட்டர் தண்ணீர்தான் நிற்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்படியானால் இந்த மேடும் அதைச் சுற்றிய தாழ்நிலமும் வெட்டவெளியாக இருந்திருக்கும். பிரிட்டன் அப்போது தீவே இல்லை, ஐரோப்பாவின் வடமேற்கு முனை. தேம்ஸும் ரைனும் இன்றைய ஆங்கிலக் கால்வாய் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒன்றாகச் சேர்ந்து அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி ஓடின.

கடலுக்கு அடியில் நிலம் இருந்தது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது?

மீனவர்களுக்கு. இழுவை மடி போட்டு கடல் தரையை வாரும் படகுகளின் வலையில் மீனோடு மாமூத் யானையின் பல்லும், காட்டு மாட்டின் கொம்பும், கருப்புக் கட்டிகளும் ஏறி வந்தன. அந்தக் கட்டிகளை ஆங்கிலேய மீனவர்கள் 'மூர்லாக்' என்றார்கள். சதுப்பில் விழுந்த இலையும் வேரும் மரக்கிளையும் காற்றுப் படாமல் மக்கி இறுகிய 'பீட்' மண்தான் அது. வலையைக் கிழிக்கும் தொல்லை என்று அவர்கள் அதைக் கடலிலேயே திருப்பி வீசிவிடுவார்கள். கரையோரத்தில் வற்று நேரத்தில் தலைகாட்டும் மரக்கட்டைகளை 'நோவாவின் காடு' என்று அழைத்தார்கள். பைபிள் வெள்ளத்தில் மூழ்கிய காடு என்பது அவர்கள் எண்ணம்.

இவற்றை அறிவியலாகப் பார்த்த முன்னோடி கிளெமென்ட் ரீட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர். டாகர் பாங்கிலிருந்து வந்த பீட் கட்டிகளைப் பிரித்து, உள்ளிருந்த செடிகளை அடையாளம் கண்டு, இது சதுப்பு நிலத்தில் வளர்ந்தது, கடல் பிறகுதான் ஏறியது என்று 1913-இல் வெளியான தம் நூலில் எழுதினார். கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது விரிந்துகிடந்த சமவெளியை ஒரு வரைபடமாகவும் போட்டார். அது அடுத்த நூற்றாண்டின் ஆய்வு பெரும்பாலும் உறுதிப்படுத்திய கருத்து. ரீட் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

'கொலிண்டா' ஈட்டி முனை என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1931 செப்டம்பர். இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் கரையிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், லீமன், ஓவர் என்ற இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே 'கொலிண்டா' என்ற இழுவைப் படகு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. வலையில் ஒரு பெரிய மூர்லாக் கட்டி வந்து விழுந்தது. நாலு அடிச் சதுரம், மூன்றடி உயரம். அதை உடைத்துக் கடலில் தள்ள மண்வெட்டியால் வெட்டினார் படகின் தலைவர் பில்க்ரிம் லாக்வுட். மண்வெட்டி எதிலோ மோதிய சத்தம் கேட்டது. இரும்போ என்று நினைத்துக் குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

கைக்கு வந்தது மான் கொம்பில் செதுக்கிய ஈட்டி முனை. நீளம் 21.6 செ.மீ. ஒரு பக்கம் முழுக்க வரிசையாக முள் வெட்டியிருந்தது, குத்தினால் இரை நழுவிப் போகாதபடி. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக அறுத்திருக்கிறார்.

மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர்களான ஹாரி காட்வின், மார்கரெட் காட்வின் தம்பதி அதே பகுதிப் பீட்டில் இருந்த மகரந்தத் தூளை ஆராய்ந்தார்கள். அந்தப் பீட் நன்னீரில் உருவானது என்பது உறுதியானது. அதாவது ஈட்டி முனை படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்ததாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தில் நின்றவர் கையிலிருந்து போயிருக்கலாம். 1980-களில் கொம்பையே நேரடியாகக் கார்பன் முறையில் காலம் கணித்தபோது 13,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்று தெரிந்தது. முதலில் எல்லோரும் நினைத்ததைவிட அது பல ஆயிரம் ஆண்டு மூத்தது.

டாகர்லாந்து என்ற பெயரை வைத்தது யார்?

பிரையனி கோல்ஸ் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர், 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில். டாகர் பாங்கை ஒட்டி வைத்த பெயர். அந்த மேட்டுக்குப் பெயர் வந்ததே இடைக்கால டச்சு மீன்பிடிப் படகு வகை ஒன்றிலிருந்துதான்.

கோல்ஸ் செய்த பெரிய காரியம் பெயர் வைத்தது அன்று. அதற்கு முன் பெரும்பாலானோர் இதை ஒரு 'நிலப்பாலம்' என்றே பேசினார்கள். ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு விலங்கும் மனிதனும் நடந்து போன வழி, அவ்வளவுதான். கோல்ஸ் இதை மறுத்தார். இன்றைய பிரிட்டனின் மேட்டு நிலங்களைவிடத் தண்ணீரும் மீனும் பறவையும் நிறைந்த அந்தத் தாழ்நிலமே வேட்டைக்கார மக்களுக்கு நல்ல இருப்பிடமாக இருந்திருக்கும், நாம் ஆராய்ந்துகொண்டிருக்கும் பிரிட்டனும் டென்மார்க்கும் அதன் விளிம்புகளாக இருந்திருக்கலாம் என்றார். எனக்கு இந்த ஒரு வாதமே டாகர்லாந்து ஆய்வின் மையமாகத் தெரிகிறது. பாலம் என்று நினைத்தால் அதில் யாரும் தங்கியதாக நமக்குத் தோன்றாது. நாடு என்று நினைத்தால்தான் அங்கே யார் என்ன சாப்பிட்டார்கள், எங்கே புதைத்தார்கள் என்று தேடத் தோன்றும்.

கடலடியில் மண்மூடிக் கிடக்கும் நிலத்தின் வரைபடத்தை எப்படிப் போட்டார்கள்?

எண்ணெய் நிறுவனங்களின் தயவில். வட கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடியவர்கள் கப்பலிலிருந்து ஒலி அதிர்வுகளைக் கடல் தரைக்குள் செலுத்தி, எந்த அடுக்கில் பட்டு எப்போது திரும்புகிறது என்று பதிவு செய்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பல கிலோமீட்டர் ஆழத்துச் சங்கதி. மேலே இருக்கும் சில பத்து மீட்டர் அவர்களுக்குப் பயனற்றது, அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய வின்சென்ட் காஃப்னியும் அவருடைய குழுவினரும் அந்த மேலடுக்கைத்தான் கேட்டார்கள். பெட்ரோலியம் ஜியோ-சர்வீசஸ் என்ற நிறுவனம் தன் முப்பரிமாணப் பதிவுகளைத் தந்தது. முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 23,000 சதுர கி.மீ. பரப்பைக் கணினியில் பார்த்தார்கள். ஏறத்தாழ வேல்ஸ் அளவு. மண் மூடிய ஆற்றுத் தடங்கள், அவற்றின் கிளைகள், சதுப்புகள், பழைய கடற்கரை எல்லாம் திரையில் துலங்கின. வளைந்து ஓடிய ஒரு பெரிய ஆற்றுக்கு பர்மிங்ஹாம் நிலவியலாளர் ஃபிரெட் ஷாட்டன் பெயரை வைத்து 'ஷாட்டன் ஆறு' என்றார்கள். டாகர் பாங்குக்குத் தெற்கே 'அவுட்டர் சில்வர் பிட்' என்று மீனவர்கள் சொல்லும் ஆழப் பள்ளம் ஒரு காலத்தில் பெரும் நீர்நிலையாக இருந்ததும் தெரிந்தது. ஷாட்டன் ஆறு எட்டாயிரம் ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதது.

பிறகு பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் காஃப்னி தலைமையில் நடந்த அடுத்த திட்டத்தில் அந்த ஆற்றுத் தடங்களிலேயே குழாய் இறக்கி மண் எடுத்தார்கள். மண்ணில் தங்கிய மகரந்தம், நுண்ணுயிர் ஓடுகள், மரபணுத் துணுக்குகள் ஆகியவற்றிலிருந்து எந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது, உப்புநீர் எப்போது நுழைந்தது என்று படிக்க முடிகிறது.

அங்கே எப்படிப்பட்ட நிலம் இருந்தது?

ஒரே மாதிரி இருக்கவில்லை. பனி யுகத்தின் கடுங்குளிரில் அது மரமற்ற புல்வெளி. மாமூத், கம்பளிக் காண்டாமிருகம், காட்டுக்குதிரை, கலைமான் எல்லாம் திரிந்தன. வாள்பல் பூனை ஒன்றின் தாடை எலும்பு 2000-இல் வட கடலில் இழுவை வலையில் சிக்கியது. சுமார் 28,000 ஆண்டுப் பழமை. அந்த விலங்கு ஐரோப்பாவில் அதற்கு மிக முன்பே அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்டிருந்ததால், அந்த ஒரு தாடை பாடத்தையே மாற்றியது.

சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் சட்டென்று வெதுவெதுப்பானது. முதலில் பிர்ச் மரமும் பைனும் வந்தன. பிறகு கொட்டை தரும் ஹேசல் புதர்கள் பெருகின. பின்னால் ஓக், எல்ம். மாமூத் போய்ச் செம்மான், காட்டுப்பன்றி, ஆராக்ஸ் என்னும் பெரிய காட்டு மாடு, பீவர், நீர்நாய் வந்தன. ஆற்றிலும் ஏரியிலும் விலாங்கும் பைக் மீனும். இடைக்கற்கால மக்கள் வாழ்ந்த டாகர்லாந்து இதுதான்.

அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி என்ன தெரியும்?

வேட்டையாடி, மீன் பிடித்து, கொட்டையும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்தவர்கள். உழவு தெரியாது. வட கடலிலிருந்து கிடைத்த அவர்களுடைய எலும்புகளில் உள்ள கார்பன், நைட்ரஜன் விகிதத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது, நன்னீர் மீன் அவர்கள் உணவில் பெரும்பங்கு வகித்தது தெரிந்தது. சதுப்பையும் ஆற்றையும் நம்பிய வாழ்க்கை.

நெதர்லாந்துக் கரையில் முள் வெட்டிய சிறு எலும்பு முனைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மண்ணெடுத்துப் பரப்பிய கடற்கரைகளில் நடப்பவர்கள் பொறுக்கியவை. அவற்றில் பத்தை எடுத்து எந்த விலங்கின் எலும்பு என்று புரத ஆய்வில் பார்த்தார்கள். எட்டு செம்மானுடையது. மற்ற இரண்டும் மனித எலும்பு. கைக்குக் கிடைத்ததை எடுத்துச் செய்தது என்று சொல்ல முடியாது. மான் எலும்பு தாராளமாக இருந்த இடம் அது. இறந்தவரின் எலும்பை ஆயுதமாக்கியதில் அவர்களுக்கு ஏதோ பொருள் இருந்திருக்க வேண்டும். அது முன்னோரா பகைவரா என்று எலும்பு சொல்லாது.

இன்னொரு பொருளை நான் மறக்கவே மாட்டேன். இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே பிரவுன் பாங்க் அருகில் 2005-இல் வலையில் வந்த காட்டு மாட்டுக் கால் எலும்பு. அதன் மேல் வளைந்து வளைந்து போகும் முக்கோண அலைக்கோடுகளைக் கீறியிருக்கிறார்கள். வயது சுமார் 13,500 ஆண்டு. இதே மாதிரி அலைக்கோடு வேல்ஸ் நாட்டுக் கென்ட்ரிக் குகையில் கிடைத்த குதிரைத் தாடையிலும் இருக்கிறது. இன்றைக்கு நடுவில் கடல் கிடக்கும் இரண்டு இடங்களில் ஒரே வகைக் கைவேலை.

நியாண்டர்தால் மனிதர்களும் அங்கே இருந்தார்களா?

இருந்தார்கள். கடல் இறங்கி நிலம் வெளிப்படுவதும், கடல் ஏறி மூடுவதும் பல முறை நடந்திருக்கின்றன. நெதர்லாந்தின் ஜீலாந்து கரைக்கு அப்பால் உறிஞ்சிய மணலில் 2001-இல் நியாண்டர்தால் மனிதர் ஒருவரின் புருவ எலும்புத் துண்டு கிடைத்தது. 2009-இல் லைடனில் மக்கள் பார்வைக்கு வந்தது. அவருக்கு 'கிரைன்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஹேக் நகரத்தருகே கரையைக் காக்கக் கடல் மணலைக் கொட்டிய 'சாண்ட்மோட்டார்' கடற்கரையில், பிர்ச் மரப்பட்டையிலிருந்து காய்ச்சிய தார் ஒட்டிய சிறு சக்கிமுக்கிக் கல் கிடைத்தது. சுமார் 50,000 ஆண்டுப் பழமை. பட்டையைச் சூடாக்கித் தார் இறக்குவது எளிய வேலை இல்லை. நியாண்டர்தால்களை மந்தபுத்தியுள்ளவர்களாகக் காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கல் எனக்கு நினைவுக்கு வரும்.

நிலம் ஏன் மூழ்கியது?

இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் கிடந்த பனிப்பாளங்கள் உருகிக் கடலில் சேர்ந்தன.

இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது. மெத்தையில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் அமுங்கி, சுற்றிலும் சற்றுப் புடைக்கும் அல்லவா? ஸ்காண்டிநேவியா மேல் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனி அமர்ந்தபோது பூமியின் மேலோடு அங்கே அமுங்கி, தெற்கே வட கடல் பகுதியில் புடைத்திருந்தது. பனி உருகியதும் ஸ்காண்டிநேவியா மேலெழ ஆரம்பித்தது, இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. புடைத்த பகுதி தணியத் தொடங்கியது. ஆக, டாகர்லாந்தில் கடல் ஏறியது, தரையும் இறங்கியது.

வட கடலின் அடியில் எடுத்த பீட் மாதிரிகளை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகக் கடல்மட்டம் சுமார் 38 மீட்டர் உயர்ந்தது என்கிறது. ஏறக்குறைய 10,300 ஆண்டுகளுக்கு முன்பும் 8,300 ஆண்டுகளுக்கு முன்பும் அந்த உயர்வு நூற்றாண்டுக்கு ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கிறது.

ஒரு மீட்டர் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டும் உயரும் சமவெளியை நினைத்துப் பாருங்கள். அங்கே கடல்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் கரை ஐந்து கிலோமீட்டர் உள்ளே வரும். நூறு ஆண்டில் ஐந்து கிலோமீட்டர், ஆண்டுக்கு ஐம்பது மீட்டர். கடல் வந்து சேரும் முன்பே நிலத்தடி நீர் எழும்பி, ஓக் மரங்களின் வேர் அழுகும். காடு சதுப்பாகும், சதுப்பில் பீட் சேரும், பிறகு உப்புநீர் ஏறி உவர்ச் சேறாகும். பாட்டி கொட்டை பொறுக்கிய இடத்தில் பேரன் நண்டு பிடித்திருப்பான்.

பெரிய சுனாமி ஒன்று வந்து ஒரே நாளில் அழித்துவிட்டதாகப் படித்தேனே?

சுனாமி வந்தது உண்மை. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது என்பது உண்மையில்லை.

சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன், நார்வேக்கு மேற்கே கடலடிச் சரிவு ஒன்று பெயர்ந்து ஆழ்கடலுக்குள் விழுந்தது. ஸ்டோரெக்கா சரிவு என்று பெயர். ஆயிரம் கன கிலோமீட்டருக்கு மேலான மண்ணும் பாறையும். 2004-இல் நம் கரையைத் தாக்கிய அலையை எழுப்பியது நிலநடுக்கம். இங்கே எழுப்பியது இந்தச் சரிவு. ஷெட்லாந்து தீவுகளில் அலை 20 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏறியதற்கு மணல் படிவு சாட்சி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் அப்படிவு மூன்று முதல் ஆறு மீட்டர் உயரம் வரை இருக்கிறது.

நார்வேயில் அந்த அலை வாரிப் புதைத்த பாசியை எடுத்துப் பார்த்தார்கள். பாசி ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வளரும் என்பது தெரிந்ததே. புதையுண்ட தண்டுகளின் கடைசி வளர்ச்சியை அளந்து, அலை வந்தது இலையுதிர் காலத்தின் இறுதியில் என்று கண்டுபிடித்தார்கள். எட்டாயிரம் ஆண்டுக்கு முன் வந்த அலையின் பருவத்தைக்கூடச் சொல்ல முடிகிறது. குளிருக்காக மக்கள் கரையோரம் இறங்கியிருக்கக்கூடிய நேரம் அது.

நார்ஃபோக் கரைக்கு அப்பால் மூழ்கிய ஆற்றுத் தடத்தில் எடுத்த மண்ணிலும் இந்தச் சுனாமியின் படிவு, சிப்பி ஓடும் கல்லும் கலந்து, 2020-இல் அடையாளம் காணப்பட்டது. அந்த ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது: அலை வடிந்தது, நிலம் பிறகும் சில காலம் நீடித்தது. அந்த நேரத்தில் டாகர்லாந்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. எஞ்சியது தீவுகளும் தாழ்ந்த கரைகளும்தான். அங்கே இருந்தவர்களுக்கு அது பெருங்கொடுமையாக இருந்திருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் நாட்டைத் தின்றது மெதுவாக ஏறிய கடல்.

அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

சுற்றியிருந்த மேட்டு நிலங்களுக்கு. பெயர்ச்சி ஒரே வீச்சில் நடந்திருக்காது. ஒரு தலைமுறை வேட்டைக்குப் போன இடம் அடுத்த தலைமுறைக்கு இருப்பிடம் ஆகியிருக்கும். வடகிழக்கு இங்கிலாந்தில் ஹோவிக் என்ற இடத்தில் கடலோரப் பாறைமேல், கி.மு. 7800 வாக்கில் கட்டிய வட்டக் குடிசை ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். தூண் குழிகள், அடுப்புகள், கருகிய ஹேசல் கொட்டை ஓடுகள் குவியல் குவியலாக. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி, நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். அலைந்து திரிந்த வேட்டைக்காரர்கள் ஏன் இப்படி ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு, கடலுக்கு நிலத்தை இழந்து வந்தவர்களின் நெருக்கடி காரணமாக இருக்கலாம் என்று அதைத் தோண்டிய கிளைவ் வாடிங்டன் கருதினார். இது ஊகம்தான், நல்ல ஊகம்.

கடலடியில் ஊர் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

டாகர்லாந்தின் நடுப்பகுதியில் இன்னும் இல்லை. காலடிப் பரப்பு பல மீட்டர் மண்ணுக்கு அடியில், அதற்கு மேல் கலங்கிய குளிர்ந்த கடல். முங்கித் தேட முடியாது. ஒரு குழாய் எடுத்துவரும் மண் உள்ளங்கை அகலம்தான்.

விளிம்புகளில் கிடைத்திருக்கிறது. ராட்டர்டாம் துறைமுகத்தை விரிவாக்கியபோது, யாங்சே துறை என்ற பகுதியில் ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் பழைய ஆற்றோர மணல்மேடு ஒன்று இருப்பதைக் குழாய் மாதிரிகள் காட்டின. 2011-இல் அந்த மண்ணைக் கவ்வி அள்ளும் இயந்திர வாளியால் அடுக்கடுக்காக அள்ளிக் கரையில் சலித்தார்கள். கரித்துண்டு, சக்கிமுக்கிச் சில்லு, தீயில் வெந்த மீன் எலும்பு, விலங்கு எலும்பு எல்லாம் சல்லடையில் நின்றன. அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது.

2019-இல் பெல்ஜிய ஆய்வுக் கப்பல் 'பெல்ஜிகா'வில் சென்ற குழு, நார்ஃபோக் கரைக்கு வடக்கே மூழ்கிய ஆற்றுத் தடத்தருகே சக்கிமுக்கிச் சுத்தியலின் விளிம்பிலிருந்து உடைந்த சில்லு ஒன்றை எடுத்தது. பார்த்தால் சாதாரணக் கல். வலையில் தற்செயலாகச் சிக்காமல், வரைபடம் பார்த்து 'இங்கே இருக்கும்' என்று போய்த் தேடி எடுத்த கல் என்பதுதான் அதன் பெருமை.

டென்மார்க்கில் கடல் ஆழம் குறைவு, முங்கி வேலை செய்யலாம். 1970, 80-களில் திப்ரிண்ட் விக் என்ற இடத்தில் மரத் தோணிகளையும் வேலைப்பாடு செய்த துடுப்புகளையும் அப்படித்தான் எடுத்தார்கள். அது டாகர்லாந்தைவிடப் பிற்காலத்தது. இருந்தாலும் சேற்றில் மரம் எவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கும் என்பதைக் காட்டியது. நிலத்தில் அழிந்துபோகும் மரமும் நாரும் கயிறும் அங்கே அப்படியே இருக்கலாம்.

இது குமரிக்கண்டம் மாதிரியா?

தமிழில் இதைப் பற்றி எழுதினால் இந்தக் கேள்வி வராமல் போகாது, வருவதும் நியாயம்தான். கடல்கோள் நம் பழம்பாட்டிலும் உரையிலும் இருக்கிறது.

பனி யுகத்தில் தாழ்ந்தது உலகக் கடல் முழுவதும். ஆகவே நம் பக்கத்திலும் நிலம் வெளிப்பட்டது. பாக் நீரிணை ஆழமற்றது. கடல் தாழ்ந்த காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் போகும் வெட்ஜ் பாங்கின் ஆழம் குறைந்த பகுதிகளும் வெளியே தெரிந்திருக்கும். அதற்கப்பால் இந்தியப் பெருங்கடலின் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். 120 மீட்டர் இறக்கத்தால் அங்கே கண்டம் எதுவும் எழுந்திருக்க முடியாது. 'லெமூரியா' என்பது மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை விலங்குகளின் தடயங்கள் இருப்பதை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் முன்வைத்த கருதுகோள். நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

என் விருப்பம் இதுதான்: மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வட கடலில் செய்ததைப்போலக் குழாய் இறக்கி மண்ணெடுத்து, ஆற்றுத் தடம் தேடி, காலம் கணிக்க வேண்டும். இருந்த நிலத்தைத் தேடுவது, இல்லாத கண்டத்துக்காக வாதாடுவதைவிடப் பெரிய மரியாதை.

காற்றாலைகள் கட்டுவதால் இதற்கு ஆபத்தா?

ஆபத்தும் உண்டு, உதவியும் உண்டு. டாகர் பாங்கில் 3.6 ஜிகாவாட் திறனுக்குத் திட்டமிட்ட பெரும் காற்றாலைப் பண்ணை எழுகிறது. 2023 அக்டோபரில் முதல் மின்சாரம் கரைக்கு வந்தது. தூண் இறக்கும் இடமெல்லாம் பழைய நிலப்பரப்பைக் குத்திக்கொண்டுதான் போகிறது. அதே நேரம் தூண் நடும் முன் தரையை அளந்தாக வேண்டும். அந்த அளவீடும் மண் மாதிரியும் தொல்லியலாளர் கைக்கு வந்தால் அவர்களால் சொந்தச் செலவில் ஒருபோதும் திரட்ட முடியாத தரவு கிடைக்கும்.

முன்னுதாரணம் இருக்கிறது. நார்ஃபோக் கரைக்கு அப்பால் 'பகுதி 240' என்ற இடத்தில் கட்டுமானத்துக்காக உறிஞ்சிய சரளையில் 2007–08 குளிர்காலத்தில் 28 கைக்கோடரிகள் தென்பட்டன. கவனித்தது சரளைக் குவியலைப் பார்த்துவந்த ஒரு டச்சு ஆர்வலர். தகவல் வந்ததும் அந்த இடத்தில் உறிஞ்சுவது நிறுத்தப்பட்டு, ஆய்வு நடந்தது. அவை இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இழுவை மடியால் தரையைச் சுரண்டுவதுதான் நெடுங்காலச் சேதம். டாகர் பாங்கின் பிரிட்டிஷ் பகுதியில் 2022 ஜூன் முதல் அதற்குத் தடை.

இன்றைய கடல்மட்ட உயர்வோடு ஒப்பிடலாமா?

வேகத்தை ஒப்பிடலாம். இப்போதைய உயர்வு ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. டாகர்லாந்து மக்கள் கண்ட உச்ச வேகம் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஆனால் அவர்கள் குடிசையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர முடிந்தது. சென்னையையும் ராட்டர்டாமையும் அப்படி நகர்த்த முடியாது.

டாகர்லாந்தை எங்கே பார்க்கலாம்?

'கொலிண்டா' ஈட்டி முனை நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் 2021-இல் டாகர்லாந்துக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. இங்கிலாந்தின் ரெட்கார், கிளீத்தோர்ப்ஸ் கடற்கரைகளில் மூழ்கிய காட்டின் அடிமரங்கள் வற்று நேரத்தில் தெரிவதுண்டு. 2018 மார்ச்சில் புயல் மணலை அரித்துச் சென்றபோது ரெட்காரில் நீண்ட பரப்பில் வெளிப்பட்டன. ராட்டர்டாம் அருகே மாஸ்ஃப்ளாக்டே கடற்கரைக்குப் புயலுக்கு மறுநாள் போவது நல்லது. கடலிலிருந்து உறிஞ்சிய மணலால் ஆன கரை என்பதால் மாமூத் பல்லின் துண்டும் கழுதைப்புலியின் எலும்பும் அங்கே காலில் தட்டுப்படும். நெதர்லாந்தில் அப்படிக் கிடைத்ததைப் படமெடுத்து, கிடைத்த இடத்தோடு நிபுணர்களுக்கு அனுப்பும் வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. மனித எலும்பு முனைகளும் தார் ஒட்டிய கல்லும் அப்படிப்பட்ட கரைகளில் நடந்தவர்கள் குனிந்து எடுத்ததால்தான் ஆய்வகத்துக்கு வந்தன.